தொட்டில் வீடு

எந்த ஏசியும் திடீரென்று நின்றுபோவதில்லை என்பதை இலக்கியா ஆறு வருட வேலையில் தெரிந்துகொண்டிருந்தாள். முதலில் அறை குளிர்வதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். பிறகு வெளியே இருக்கும் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும். உள்ளே குழாயின் மேல் மெல்லியதாகப் பனி படியும், சுவரோரம் ஒரு சொட்டுத் தண்ணீர் விழும். வீட்டில் இருப்பவர்கள், "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று சொல்லி ரிமோட்டில் இரண்டு எண் குறைத்து வைத்துக்கொள்வார்கள். நாற்பதாவது நாள், வெயில் நாற்பத்தேழு டிகிரி அடிக்கும் ஒரு மத்தியானத்தில், அது நிற்கும்.

அப்படி நின்ற வீடுகளில் ஆட்கள் இறந்துபோன இரண்டு கோடைகளுக்குப் பிறகு சட்டம் வந்தது. ஒவ்வொரு வீட்டு ஏசிக்குள்ளும் சுண்டைக்காய் அளவில் ஒரு கருவி வைக்க வேண்டும். ஜனங்கள் அதைக் 'காது' என்று கூப்பிட்டார்கள். காது என்றாலும் அது சத்தத்தோடு நிற்காது. ஈரம் பார்க்கும், புகையை முகரும், சூட்டை அளக்கும். எல்லாவற்றையும் திருச்சியில் இருந்த முன்குறி நிலையத்துக்கு அனுப்பும். பெரும்பாலானவற்றை நிலையத்துக் கணினியே படித்து, எந்த வீட்டுக்கு மெக்கானிக் போக வேண்டும் என்று முடிவு செய்துவிடும். அதற்கு விளங்காதவை மட்டும் மனிதர்களின் மேசைக்கு வரும். அப்படிப் படிக்கிற பதினெட்டுப் பேரில் இலக்கியா ஒருத்தி.

பெயரும் விலாசமும் அவர்களுக்குத் தெரியாது. ஊரும் ஒரு எண்ணும் மட்டும்தான். ஒலிப்பதிவில் மனிதக் குரல் வந்தால், அடுத்தவர் வீட்டுப் பேச்சு நமக்கெதற்கு என்று கணினி அதை அழித்துவிட்டுத்தான் கொடுக்கும். குரல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் மாதிரி நிசப்தம் இருக்கும்.

'தொட்டில் வீடு' இலக்கியா கண்டுபிடித்த பெயர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் ஒரே மாதிரி முன்னூறு வீடுகள் வந்து நின்றன. இருபத்து நான்கில் ஓடிக்கொண்டிருந்த ஏசி திடீரென்று இருபத்தெட்டுக்குப் போயிருந்தது. அறைக்குள் ஈரம் கூடியிருந்தது. வடிகட்டியில் சாம்பல் தூசி. காலை பத்து மணி வாக்கில் புகை. தண்ணீர்க் குழாய் அடைப்பு, வயர் சூடாகிறது, உடனே ஆளை அனுப்பு என்றது கணினி. போன மெக்கானிக்குகள் எல்லோரும் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். "பச்சப் புள்ள இருக்கிற ரூமுக்குள்ள செருப்போட ஏறுறியே, மனுசனாய்யா நீ?" என்று துறையூரில் ஒருவரைத் துடைப்பத்தோடு துரத்தியிருந்தார்கள்.

புகார்களைப் படித்துக்கொண்டிருந்த இலக்கியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைக்கு ஆகாதென்று குளிரைக் குறைக்கிறார்கள். துவைத்த துணிகளை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறார்கள். பத்து மணிக்குக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டுகிறார்கள். இதில் பழுது எங்கே இருக்கிறது?

அதிலிருந்து அந்த மாதிரி வீடுகளுக்குத் தனி அடையாளம் வந்தது. தொண்ணூறு நாள் மெக்கானிக் போக மாட்டார். காலைப் புகையைக் கண்டுகொள்ள வேண்டாம். வேறு நேரத்தில் புகை வந்தால் மட்டும், அடையாளம் போட்டவரே, எண்ணை மட்டும் வைத்து நிலையம் கொடுக்கும் இணைப்பில் அந்த வீட்டுக்குப் போன் செய்து கேட்டு, 'பேசினேன்' என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வருடம் நிலையத்தில் அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். புதுக்கோட்டையில் இருக்கும் அம்மாவிடம் போனில் முழுக் கதையையும் சொன்னாள்.

"ஏன்டி, நாங்கள்லாம் சாயங்காலமும் புகை போடுவமே. அப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் அம்மா வள்ளிக்கண்ணு.

"அப்ப நாங்களே போன் பண்ணிக் கேப்போம்மா."

"நீயேவா?"

"நான் போட்ட வீடுன்னா நானேதான்."

"நல்ல வேலைடி" என்றாள் அம்மா. அந்த வருடம் இலக்கியாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்போது ஒன்பது. இரண்டு முறை சிகிச்சைக்குப் போய் இரண்டு முறையும் கலைந்திருந்தது. அவள் அடையாளம் போட்ட தொட்டில் வீடுகள் மட்டும் நாலாயிரத்தைத் தாண்டியிருந்தன.

வைகாசி பிறந்த வாரத்தில் 'புதுக்கோட்டை 2217' அவள் மேசைக்கு வந்தது.

இருபத்தெட்டு. ஈரம். சாம்பல். பத்து மணிப் புகை. பார்த்தவுடனே தெரிந்தது. விரல் பொத்தானுக்குப் போனபோதுதான் நேரங்களைக் கவனித்தாள். மத்தியானம் 1.05க்கு ஓடத் தொடங்கி 4.35க்கு நின்றிருக்கிறது. இரவு 9.20க்குத் தொடங்கி விடிகாலை 5.05க்கு நின்றிருக்கிறது. முந்தைய நாளும் அப்படியே. அதற்கு முந்தைய நாளும். ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை.

தமிழ்நாட்டில் ஏசியை பஸ் மாதிரி நேரம் பார்த்து எடுக்கிற மனிதர் ஒருவர்தான் இருக்க முடியும். அவள் அப்பா அடைக்கலம் முப்பத்தொரு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். "மிஷினுக்கும் ரெஸ்ட் வேணும்ல" என்பார்.

அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருந்தார்கள். தங்கை வர்ஷினி கணவனோடு புனேயில் இருந்தாள். மாதத்துக்கு ஒரு முறை வீடியோவில் வருவாள், முகத்தை மட்டும் காட்டுவாள், வேலை அதிகம் என்பாள்.

முகத்தை மட்டும்.

இலக்கியா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து வினாடிப் பதிவைக் கேட்டாள். மின்விசிறி சுற்றும் சத்தம். கொக்கியில் ஏதோ கயிறு இழுபடும் சத்தம், ஒரே சீராக. நடுவில் மூன்று வினாடி பள்ளம். கணினி ஒரு குரலை அழித்திருந்தது. அந்தப் பள்ளத்தை அவள் ஏழெட்டு முறை திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று யோசிக்க வேண்டியதே இல்லை. இரண்டு வருடம் முன்பு பெரியப்பா மகளின் வளைகாப்பில் இலக்கியா வளையலை எடுத்துக்கொண்டு முன்னால் போனபோது, மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி மெதுவாக அவள் கையைப் பிடித்து, "நீ அப்புறம் போடலாம்மா" என்று உட்கார வைத்தாள். இலக்கியா அன்றைக்குச் சாப்பிடாமல் பின்வாசல் வழியாக வந்து, பஸ்ஸில் திருச்சி வரை அழுதாள். அம்மா அதைப் பார்த்திருந்தாள். அதனால் மறைத்திருக்கிறார்கள். மனசு நோகக்கூடாதென்று.

சொந்தக்காரர் வீடு என்று தெரிந்தால் பக்கத்து மேசைக்கு மாற்றிவிட வேண்டும் என்பது நிலையத்து விதி. பக்கத்து மேசையில் இருந்தது ஷமீம். "என் தங்கச்சிக்குக் குழந்தை பொறந்திருக்கு, எனக்கே இப்பத்தான் தெரியும்" என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இலக்கியா 'தொட்டில் வீடு' என்று அடையாளம் போட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு 2217இல் மஞ்சள் விளக்கு எரிந்தது. மத்தியானப் புகை. போன் செய்து கேட்க வேண்டும்.

போன் செய்தால், 'எனக்குத் தெரிந்துவிட்டது' என்று சொல்வதாக ஆகும். அவர்களாகச் சொல்லட்டுமே. பெற்ற அம்மாவுக்கே வாய் வரவில்லை என்றால் நான் ஏன் கேட்க வேண்டும்? அவள் எழுதினாள்: 'பேசினேன். சாம்பிராணி.'

அதற்கடுத்த நாளும் 3.10. அடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் அவள் 'பேசினேன்' என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலிருந்து எழுதினாள். சாயங்காலம் அம்மா எப்போதும்போல போனில் பேசினாள். வெயில், கத்திரிக்காய் விலை, அப்பாவின் முழங்கால். பேச்சு முடிகிற நேரத்தில் அம்மா, "வேற... ஆபீஸ்ல வேலையெல்லாம் எப்படிடி?" என்று இழுப்பாள். "இருக்கும்மா" என்று சொல்லி இவள் வைத்துவிடுவாள்.

பன்னிரண்டாவது நாள் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷமீம் டப்பாவைத் திறக்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, விஷயம் தெரியுமா? மணப்பாறைல ஒரு தொட்டில் வீட்டுல வயர் பத்திக்கிச்சாம். ஸ்க்ரீன் துணி பூரா போச்சு. நல்ல வேளை, அந்தப் பொண்ணு புள்ளையைத் தூக்கிட்டு ஓடிட்டா."

"யாரு படிச்ச வீடு?"

"நம்ம மணிமாறன். நாலு நாளா மத்தியானத்துல புகை காட்டியிருக்கு. பேசினேன், பேசினேன்னு எழுதி வச்சிருக்காரு. பேசவே இல்லக்கா. எல்லாம் சாம்பிராணிதான்னு நெனச்சுட்டாராம்."

இலக்கியா ஸ்பூனை வைத்துவிட்டு டப்பாவை மூடினாள்.

சாம்பிராணி என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அந்த ஏசி வாங்கி பதிமூன்று வருடம். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் மத்தியானப் புகை வருகிறது. சூடாகிற வயர் அப்படித்தான் செய்யும். ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் உறை இளகிப் புகையும். கோபத்தில் இருந்தவளுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. அப்பாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வர்ஷினியின் புனே எண் அணைந்திருந்தது. மணி இரண்டாகப் பத்து நிமிடம்.

கல்லூரியில் பாடம் நடத்தும் அவள் கணவன் ஜெகனுக்கு அன்றைக்கு விடுமுறை. கூப்பிட்ட பத்தாவது நிமிடம் காரோடு வாசலில் நின்றான்.

"புதுக்கோட்டைக்குப் போங்க. வேகமா."

"என்னாச்சு இலக்கி? மாமாவுக்கு உடம்பு கிடம்பு..."

"ஏசில வயர் எரியுதோன்னு பயமா இருக்கு. அந்த ரூம்ல குழந்தை இருக்கு."

ஜெகன் காரை எடுத்தான். விமான நிலையம் தாண்டியது. மாத்தூர் தாண்டியது. அவள் திரும்பத் திரும்ப அம்மாவின் எண்ணை அழுத்திக்கொண்டே வந்தாள். கீரனூர் வந்தபோதுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"யார் குழந்தைன்னு நீங்க கேக்கவே இல்ல."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "வர்ஷினி வீட்டுக்காரர் சொன்னாரு. நாலு மாசம் முன்னாடி."

"நாலு மாசம்."

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல இலக்கி. சத்தியமா தெரியல. நீ ராத்திரி சாப்பிட உக்கார்றப்பல்லாம் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும். அன்னிக்கின்னு பார்த்து நீ சிரிச்சுப் பேசிட்டிருப்ப. இதையும் கெடுக்கணுமான்னு விட்டுடுவேன்."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் 'பேசினேன்' என்று பதினோரு முறை எழுதிய கை அது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஓட்டுங்க" என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மூன்று மணி எட்டு நிமிடம். அப்பாவின் செருப்பு இல்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. மூன்று மணிக்கு அப்பா டீக்கடைக்குப் போவார், மூன்று நாற்பதுக்குத் திரும்புவார் என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல் உள் அறைக் கதவைத் தள்ளினாள்.

புகை.

அம்மா ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் பீரோவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாம்பிராணிக் கரண்டியை ஏசியின் வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். சாமிக்குத் தீபாராதனை காட்டுவது மாதிரி இருந்தது. புகை ஏசிக்குள் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. குழந்தையின் மத்தியானத் தூக்கம் கெடக்கூடாதென்று சத்தத்தை அணைத்து வைத்த அப்பாவின் போனும் அம்மாவின் போனும் பீரோ மேல் கவிழ்ந்து கிடந்தன. கீழே வர்ஷினி கட்டிலில் சாய்ந்து, ஒரு கையால் தொட்டில் சேலையை ஆட்டியபடி, "அம்மா, விழுந்து தொலைக்காத. இன்னிக்கும் போன் வரலைன்னா விட்டுடு. நான் அப்பாகிட்ட சண்டை போட்டுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"பன்னெண்டு நாளா ஸ்டூலு மேல ஏறி எறங்குறேன்டி! இந்த வயசுல! என்ன ஆபீஸ்டி உங்க ஆபீஸு? புகை வந்தா போன் பண்ணுவோம்னு பெருமையா சொன்ன?"

ஜெகன் ஓடிப்போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டு அவளைக் கைபிடித்து இறக்கினான். இலக்கியா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கும்மா புகை? ஒரு வார்த்தை சொல்ல முடியாதா என்கிட்ட?"

"உங்க அப்பா சத்தியம் வாங்கிட்டாருடி. தொண்ணூறு நாள் கழியட்டும், அவ மனசு தாங்காது, நீ வாயைத் தொறக்கக் கூடாதுன்னு புள்ள தலையில அடிக்கச் சொல்லிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்? வாயாலதானே சொல்லக் கூடாது. புகைக்கு யாரும் சத்தியம் வாங்கலையே." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரு டீ குடிக்கப் போற நேரமாப் பார்த்து ஏறுவேன். நீ பார்ப்ப, போன் பண்ணுவ, ஏம்மா புகைன்னு கேப்ப. கேட்டா நான் பதில் சொல்லித்தானே ஆகணும்? அது நானாச் சொன்னதா ஆகாதில்ல. எத்தனை நாள் நெனச்சு நெனச்சுக் கண்டுபிடிச்சேன் தெரியுமா?"

இலக்கியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அழுகைதான் ஜெயித்தது.

வர்ஷினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பார்க்கவே இல்லையாக்கா? வேற யாராச்சும்தான் படிச்சாங்களா?"

பொய் சொல்ல அது நல்ல வழி. தங்கையே திறந்து கொடுத்த வழி.

"நான்தான் படிச்சேன். மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"தெரிஞ்சுமா?"

"ம்."

"நாங்க மறைச்சது தப்புதான். வீடியோல வயிறு தெரியாம உக்கார்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் வளைகாப்பு அன்னிக்கு ராத்திரி உன் நம்பரை எடுத்து எடுத்து வச்சேன்." வர்ஷினியின் குரல் உடைந்தது. "ஆனா நீ, ஒரு புள்ள பொறந்திருக்குன்னு தெரிஞ்சும், பன்னெண்டு நாள் சும்மா உக்காந்திருந்தியாக்கா? வயரே எரிஞ்சிருந்தா?"

அதைத்தான் கீரனூரிலிருந்து அவளும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"நீங்களா சொல்லணும்னு காத்திருந்தேன்" என்றாள் கடைசியில். "அது தப்பு. பெரிய தப்பு வர்ஷி."

ஏசி உள்ளே இழுத்த சாம்பிராணியை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருந்தது. தொட்டில் அசையாததாலோ என்னவோ, சேலைக்குள் ஏதோ நெளிந்தது. ஒரு சிறிய கால் துணியை உதைத்தது. பிறகு அழுகை வந்தது. மெல்லியதாகத் தொடங்கி, மூச்சு வாங்கி, மூன்று வினாடி முழுதாக.

இலக்கியா அந்த மூன்று வினாடியை நன்றாக அறிந்திருந்தாள். பள்ளமாகத்தான் அறிந்திருந்தாள்.

வர்ஷினி குழந்தையை எடுத்தாள். மடியில் வைத்துக்கொள்ளாமல் இரண்டு கையாலும் அக்காவின் பக்கம் நீட்டினாள். முகத்தில் கோபம் இன்னும் போகவில்லை. "புடி. கழுத்தைத் தாங்கிப் புடி. பொம்பளப் புள்ள. பேரு வைக்கல, அத்தைக்காரி பெரியம்மாக்காரி எல்லாம் வரட்டும்னு வச்சிருக்கேன்."

மூன்று நாற்பதுக்கு அப்பா வந்தார். வாசலில் காரைப் பார்த்தபோதே தெரிந்திருக்கும். உள் அறை வாசல் வரை வந்து, பெரிய மகளின் தோளில் கிடந்த பேத்தியைப் பார்த்து, கையில் இருந்த வடைப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"நான்தாம்மா சொல்ல வேணாம்னேன்" என்றார்.

"தெரியும்ப்பா."

"உன் நல்லதுக்குன்னு..."

"தெரியும்ப்பா. இனிமே என் நல்லதை என்கிட்டயே கேட்டுட்டுச் செய்யுங்க."

அவர் தலையாட்டினார். பொட்டலத்தை ஜெகன் கையில் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு முப்பத்தைந்து ஆனபோது, அந்த ஏசி வந்த நாளிலிருந்து முதல் முறையாக, அவர் ஏசியை நிறுத்தவில்லை.

நிலையத்திலிருந்து ஷமீம் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க? 2217 மறுபடியும் மஞ்சள் காட்டுது. இன்னிக்கு நீங்க ஒண்ணும் எழுதல. மணப்பாறைக்கு அப்புறம் எல்லாத்தையும் சார் சரிபார்க்கிறாரு. நான் 'பேசினேன்'னு போட்டுடவா?"

குழந்தை இலக்கியாவின் தோளில் கன்னத்தைத் தேய்த்துச் சிணுங்கிக்கொண்டிருந்தது. எழுதியதைச் சொன்னால் மணிமாறனுக்கு என்ன நடக்குமோ அதுதான் அவளுக்கும் நடக்கும். சான்றிதழ் வாங்கியவள் என்று விடமாட்டார்கள்.

"ஷமீம், நான் சொல்றதை அப்படியே எழுது. இது என் அம்மா வீடு. முந்தின பதினோரு நாளும் நான் பேசல. பேசினேன்னு எழுதினது பொய்."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் பாதியில் நின்றது.

"எழுதிட்டியா?"

"அக்கா... யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எழுது. பன்னெண்டாவது நாள், நேர்ல போய்ப் பேசினேன். சாம்பிராணிதான். வயரையும் பிரிச்சுப் பார்க்க நாளைக்கு ஆள் அனுப்பச் சொல்லு. செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லு."

சிணுங்கல் அழுகையாகி, ஓங்கி எழுந்தது. இலக்கியா போனைக் காதிலிருந்து எடுக்காமல் குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அக்கா, என்னமோ சத்தம் கேக்குது லைன்ல. தள்ளி நின்னு பேசுறீங்களா?"

"வேணாம்" என்றாள் இலக்கியா. "கேக்கட்டும்."